பெரிய டாக்டரின் கை

எகிப்தின் தந்தா நகரில், மாடியில் கண் கிளினிக் இருந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில் தொங்கிய பலகையில் முக்கால்வாசி இடத்தை டாக்டர் ரிஃபாத்தே பிடித்துக்கொண்டிருந்தார். கெய்ரோவில் வாங்கிய பட்டம், வியன்னாவில் பெற்ற பயிற்சி, அரசுக் கண் மருத்துவமனையின் முன்னாள் தலைவர் என்று எல்லாம் கொட்டை எழுத்தில். அடியில், எறும்பு ஊர்ந்தாற்போல, ‘மற்றும் டாக்டர் நஜ்லா ரிஃபாத்’. தகப்பனுக்குக் கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து, அங்கே அறுவை சிகிச்சை அத்தனையையும் செய்துவந்தது அந்த ‘மற்றும்’தான்.

இன்று வந்தவர் பள்ளிவாசல் தெருவில் கொண்டைக்கடலை வறுத்து விற்கும் ஹாஜி அப்துல் மவ்ஜூத். ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை முற்றியிருந்தது.

“பெரிய டாக்டர் கைதான் வேணும் பாஷா. வேற யாரும் தொடக் கூடாது,” என்றார், ரிஃபாத்தை மரியாதையாக ‘பாஷா’ போட்டு அழைத்து.

“நாளைக்கே பண்ணிடலாம் ஹாஜி,” என்றார் ரிஃபாத்.

நஜ்லா குறுக்கிட்டாள். “அப்பா, ஒரு நிமிஷம் வெளியே வாங்க.”

“எதுன்னாலும் இங்கேயே சொல்லு. ஹாஜி நம்ம ஆளு.”

“நீங்க கத்தி பிடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது.”

“உனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான்! வெளியே தொங்குற என் பேரைப் பாத்துத்தான் ஜனங்க மாடி ஏறுறாங்க. உன் மூஞ்சியைப் பாத்து இல்ல.”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒரே ஒரு கண்ணோடு வந்தவரை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு வீம்பு வேறு! ஹாஜியைக் கைத்தாங்கலாக எழுப்பிப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். நோயாளிகளின் நாற்காலியைத் தகப்பன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க.”

“எனக்குப் பார்வை பருந்துக்குச் சமம்டி!”

“அப்போ பயமென்ன?”

உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் பார்வை சோதிக்கும் அட்டையில் வரிசை வரிசையாக வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் திறப்பு. அவள் கடைசி வரிசையைத் தொட்டாள்.

“திறப்பு எந்தப் பக்கம்? வாயால வேணாம். எல்லாரையும் மாதிரி கையால காட்டுங்க.”

ரிஃபாத் சிரித்தபடி வலப்பக்கம் கை நீட்டினார். கை வலப்பக்கம் நிற்கவில்லை. மேலே போயிற்று, கீழே இறங்கிற்று. இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின.

“வலது! வலதுன்னு நல்லாத் தெரியுது எனக்கு!”

“தெரியுது. காட்டுங்க.”

ஹாஜி புகை படிந்த கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“பாஷா, கையைக் கீழே போடுங்க. அது ஆடுறது எனக்கே தெரியுது.”

ரிஃபாத் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “நாளைக்கு இவ பண்ணுவா ஹாஜி. இவ கை ஆடாது,” என்றார். பிறகு மகளைப் பார்க்காமலே கேட்டார்: “வெளியாள் முன்னால அப்பனை ஜெயிச்சிட்டே. சந்தோஷமா?”

“இல்ல!” நஜ்லா கத்தினாள். “வெளியே வாங்கன்னு கூப்பிட்டேனே, ஏன் வரல நீங்க?”