ஐந்தாவது லைன்

நார்த்பிர்ச் செல்லுலாரை ஒரு பெரிய கம்பெனி விழுங்கிவிட்டது என்று செய்தி வந்த நாளிலிருந்து ஓரின் தூக்கத்தைத் தொலைத்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவன் எடுத்த போன் பிளான் அது. நான்கு லைனுக்குத்தான் காசு, ஐந்தாவது இலவசம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது வேறு யாரிடமும் அது கிடையாது என்று சர்ச்சில் காபி நேரத்தில் சொல்லிச் சொல்லியே, அவன் வந்து உட்கார்ந்தால் ஆட்கள் கேக் தட்டோடு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடும் அளவுக்கு ஆகியிருந்தது.

அவன் மனைவி மார்லிஸுக்கு அந்தப் பிளானில் எந்த அக்கறையும் இருந்ததில்லை, புதுக் கம்பெனியின் கடிதம் வரும் வரைக்கும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஓரின் சாய்வு நாற்காலியே கதி என்று கிடந்ததால் அவளே தபால் பெட்டிக்குப் போய் எடுத்து, அவளே பிரித்தாள். ஐந்து லைனுக்கும் தனித்தனியாக மெசேஜ் வருமாம். ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்று பதில் போனால் பழைய பிளான் தொடரும். ஒன்று தவறினாலும் ஐந்தும் போச்சு. கீழே ஐந்து எண்கள். ஒன்று அவளுடையது, ஒன்று ஓரினுடையது, இரண்டு மகள்களுடையது.

"ஓரின், இந்த அஞ்சாவது நம்பர் யாரோடது?"

"எது?"

"நாப்பத்தொண்ணுல முடியுதே, அது."

"அதுவா... இலவசமா குடுத்தான்ல. சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கற நம்பர் எப்படி சம்மதம் சொல்லும்?"

"நான் பாத்துக்கறேன். நீ அதைத் தொட்டுத் தொலைக்காத, பிளான் போயிடும்."

அவன் காது மடல் சிவந்துபோனது. நாற்பது வருட இல்லறத்தில் மார்லிஸ் கண்ட உண்மை, அந்த மனுஷன் வாயால் பொய் சொல்வான், காதால் மாட்டிக்கொள்வான். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். மனதை மடித்து வைக்க முடியவில்லை.

திங்களன்று, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டெல்லாம் கழுவி முடிந்ததும் அந்த எண்ணை அழைத்தாள். இரண்டு முறை மணி அடித்தது. ஓர் ஆண்குரல், உயிரே இல்லாமல் பேசியது: "வெப்பம், நாற்பத்தாறு. மின்சாரம், இருக்கிறது." அவ்வளவுதான், வைத்துவிட்டது.

அது என்ன என்று மின்னசோட்டாவில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு சிம்மைப் போட்டு வைக்கிற பெட்டி, போன் செய்தால் உள்ளே எவ்வளவு வெப்பம் என்று சொல்லும். முப்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டுமே. ஆக, எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது. அதைத் தன் புருஷன் சூடாக வைத்துக்கொண்டிருக்கிறான். யாரோ ஒருத்திக்காகவா என்று மார்லிஸ் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

கூடச் சமைக்கிற டோனெல்டா சிரித்தாள். "அடியே, எந்தப் பொம்பளடி நாப்பத்தாறு டிகிரியில இருப்பா? பல்லு தந்தி அடிச்சுடும்."

"இவன் போறப்ப மட்டும் சூட்ட ஏத்திக்கலாம்ல?"

"ஓரினா? உன் ஆளு பனியில சறுக்காம நடந்தாலே பெரிசு. வேற வேலையப் பாரு."

செவ்வாயன்று நாற்பத்துநான்கு. புதனன்று நாற்பத்தொன்று. யார் வீடென்றே தெரியாத வீட்டின் குழாய்களுக்காக மார்லிஸ் கவலைப்பட ஆரம்பித்தாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. ஒருவேளை ஒருத்தி இருந்து, அவள் வீட்டுக் குழாய் வெடித்தால் இவளுக்கென்ன? ஆனாலும் உருளைக்கிழங்கைத் தட்டில் பரப்பும்போது நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்றே உள்ளே ஓடியது. ஓரினும் நிலைகொள்ளவில்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கராஜுக்குப் போவான், போனைக் காதில் வைப்பான், முகம் செத்துத் திரும்புவான்.

அழுத்திக் கேட்டால் சொல்லிவிடுவான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்னால் அவன் வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

வியாழனன்று காற்று பேயாய் அடித்தது. மதியம் சமையலறை ரேடியோவில் சொன்னார்கள்: மரம் விழுந்து மின்சாரம் போன இடம் ஸ்டம்ப் ஏரியின் மேற்குக் கரைச் சாலை மட்டுமே, வேறெங்கும் இல்லை. மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"வெப்பம், முப்பத்தொன்பது. மின்சாரம், இல்லை."

அந்தச் சாலையில் பதினோரு வீடுகள். அதில் ஒன்று அவள் அம்மாவுடையது. அம்மா இறந்த வருடம் வீட்டை விற்பதா வேண்டாமா என்று அவளுக்கும் தம்பி வெர்லினுக்கும் வாய்ச்சண்டை வந்து, "என் பங்கையும் நீயே எடுத்துக்கோ, இடிஞ்சு ஏரியில விழட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவள். ஒன்பது வருடமாக அந்தப் பக்கம் காரைத் திருப்பவில்லை, அவனோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவன் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போய்விடுகிறான் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அங்கே போனாள். பதினோரு வீட்டில் அம்மா வீட்டு வாசலில் மட்டும்தான் பனி வழித்த தடம் இருந்தது; ஆபரேஷனுக்கு முன்னால் வழித்தது, மேலே புதுப்பனி படிந்திருந்தது. தபால் பெட்டிப் பக்கம் மட்டும் ஒரு குவியலை விட்டு வழிக்கிற கோணல் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? சாவி கிணற்று மூடியின் அடியில்தான் இருந்தது.

உள்ளே அம்மாவின் கோப்பைகள் கொக்கியில் தொங்கின. சமையல் மேடையில் பெட்டி. பக்கத்தில் ஒரு நோட்டு. தேதியும் வெப்பமும், தேதியும் வெப்பமும். வசந்தத்தில் வெர்லின் கையெழுத்து, குளிர்காலம் முழுக்க ஓரின் கையெழுத்து. ஒன்பது குளிர்காலம். சுவரில் குத்தியிருந்த வீட்டு வரிக் கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: வெர்லின், மார்லிஸ். எடுத்துக்கொள் என்று அவள் விட்டெறிந்த பங்கை அந்த மடையன் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தன் கோபம் ஆறட்டும் என்று இரண்டு ஆம்பிளைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மின்சாரம் திரும்பியிருந்தது. வெப்பம் முப்பத்தேழு. வெளியே போய்ப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர் ஒன்று காலியாகும் நிலை. மற்றதைத் திருகித் திறந்துவிட்டு வந்தாள். ஹீட்டர் ஒரு முறை இருமிவிட்டு எரிய ஆரம்பித்தது.

மணி நான்கே முக்கால். மற்ற நான்கு லைனிலிருந்தும் நேற்றே சம்மதம் போய்விட்டது. பெட்டியின் சிம்மை உருவி, காதுத் தோட்டின் முனையால் தன் போனின் சிம் தட்டைத் திறந்து அதில் போட்டாள். ஜன்னலருகே நின்றதும் மெசேஜ் வந்தது: இந்த லைனைத் தொடரச் சம்மதமா? சும்மா விட்டால் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிளான் போகும், பெட்டி ஊமையாகும், ஓரினின் பெருமை போகும். சரியான தண்டனைதான் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சம்மதம் என்று அனுப்பினாள்.

கையிலிருக்கும்போதே போன் அடித்தது. திரையில் ஓரின். ஐந்து மணிக்கு முன் கடைசியாக ஒரு தடவை வெப்பம் பார்க்கிறான் போலும். இரண்டு முறை மணி அடிக்கவிட்டு எடுத்தாள், பெட்டியின் திரையைப் பார்த்து அதன் குரலிலேயே சொன்னாள்.

"வெப்பம், நாற்பது. மின்சாரம், இருக்கிறது."

அந்தப் பக்கம் ஊன்றுகோல் தடாலென்று விழுந்தது.

"மார்லிஸ்?"

"பின்ன யாரு? ஒன்பது வருஷமா வந்து போறியே, கதவுக்கு அடியில காத்து பிச்சுக்கிட்டு வருது, ஒரு துணிய வச்சு அடைக்கத் தெரியாதா?"

"கோவமா?"

"ஆமா. நல்ல கோவம்."

அவள் நோட்டை இழுத்து இன்றைய தேதியைப் போட்டாள், பக்கத்தில் பேனாவை உதறி உதறி நாற்பது என்று எழுதினாள்.

"வெர்லின் நம்பர் சொல்லு," என்றாள். "மெதுவா சொல்லு, பேனா சரியா எழுத மாட்டேங்குது, குளிர்ல உறைஞ்சு கிடக்கு."