கார்டு எடுக்கும் கடை

யுசுவின் கடையில் கார்டு எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சுமிக்குச் சோறு இறங்கவில்லை. கடை என்றால் கதவும் பூட்டும் வைத்த கடை இல்லை. இணையத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் கார்டு நம்பரைப் போட்டால் புத்தகம் கைக்கு வந்துவிடும். ஒசாகாவில் பெரியவர்களுக்கான படக்கதை வரைகிற பெண்களில் வேறு எவளுக்கும் அந்த வருஷம் அந்தக் கொடுப்பினை இல்லை.

சுமி, யுசு இரண்டுமே புனைபெயர்தான். இந்தத் தொழிலில் யாரும் அடுத்தவரின் வீட்டுப் பெயரைக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. பதினோரு வருஷமாகப் புத்தகச் சந்தைகளில் பக்கத்துப் பக்கத்து மேஜை போட்டு, ஒரே பொட்டலத்துச் சோற்றுருண்டையைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் இவர்கள். யுசு வரைவது ரொட்டிக்கடைக்காரனும் தபால்காரனும் காதலிக்கிற கதைகள். சுமி வரைவது கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன தம்பதிகளின் படுக்கையறைக் கதைகள். தொந்தி, நரை, முழங்கால் வலி எல்லாவற்றோடும் அவர்கள் ஆசைப்படுவார்கள். கோடு போடுவதில் யுசு சுமியின் கால்தூசு பெறமாட்டாள். அதை யுசுவே நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். அப்படிச் சொல்வதும் சுமிக்குப் பிடிக்காது.

போன கோடையில் கார்டு கம்பெனிக்காரர்கள் எங்கோ உட்கார்ந்து இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். இவர்கள் புத்தகம் விற்ற தளத்தில் கார்டு நின்றுபோனது. எந்தப் படம், எந்தப் பக்கம் என்று சொன்னாலாவது அதை மட்டும் கிழித்துப் போடலாம். சொல்லவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி: தளம் கொடுக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்துபோய், கல்லாவில் நிற்கிறவரிடம் காட்டிப் பணம் கட்ட வேண்டும். சுமியின் வாசகிகள் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். பக்கத்தில் கணவன் குறட்டை விடும்போது போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள். விடிந்து, முகத்துக்கு மாவு பூசி, கோட்டு மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் எண்ணை நீட்டுகிற தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு வரும்? விற்பனை படுத்துவிட்டது.

காலையில் சுமிக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலத் தொழிற்சாலையில் அரை நாள் வேலை. ஓடுகிற பெல்ட்டில் வருகிற சோற்றின் நடுவில் சிவப்பாக, முழுசாக ஓர் ஊறுகாய்ப் பழம் வைக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து முழுநாள் வா, இல்லாவிட்டால் நின்றுகொள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். முழுநாள் போனால் வரைய நேரம் கிடையாது. ஏப்ரலுக்குள் கார்டு எடுக்க ஒரு வழி பிறந்தால் அரை நாளை விட்டுவிட்டுப் புத்தகத்திலேயே பிழைக்கலாம். இந்த ஒரே நினைப்பு அவளை அரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் யுசு தெருக்கடையில் தாக்கோயாக்கி மாவுருண்டை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டேன்டி," என்றாள் யுசு, சூடான உருண்டையை வாய்க்குள் அங்கேயும் இங்கேயும் உருட்டிக்கொண்டே. "போன வெள்ளிக்கிழமை பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே வரையறது மட்டும்தான்."

"பைத்தியமாடி உனக்கு? ரெண்டு மாசம் கடை ஓடுச்சுன்னு யாராவது வேலையை விடுவாங்களா?"

"பல் டாக்டர் அரை வருஷம் குடுத்தது இந்த ரெண்டு மாசத்துல வந்துடுச்சு. எனக்கே பயமாத்தான் இருக்கு."

பயமாம். பயப்படுகிற மூஞ்சியா அது? கன்னமெல்லாம் சதை போட்டு, புதுசாக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுமி தன் தட்டிலிருந்த உருண்டையைக் குச்சியால் குத்தினாள்.

"உனக்கு மட்டும் எப்படிடி குடுத்தாங்க? உன் தபால்காரன் உடம்புல பொட்டுத் துணி இருக்காதே."

யுசு குரலைத் தாழ்த்தினாள். "ஃபுகுவோகாவுல சின்னதா ஒரு ஏஜென்சி. கார்டு கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல நிக்கறவங்க. தெரிஞ்சவங்க சிபாரிசு இருந்தாத்தான் புதுக் கடையைச் சேர்ப்பாங்க. நான் பூனைப் படமும் சமையல் கதையும்தான் காட்டினேன். மத்ததெல்லாம் உள்ள பூட்டுப் போட்ட பக்கத்துல இருக்கு. கடவுச்சொல் என் வாசகிங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"பிடிபட்டா?"

"பிடிபட்டா அதோட போச்சு. யாருடி போய்ச் சொல்லப் போறா." இன்னொரு உருண்டையைக் குத்தி எடுத்து சுமியின் தட்டில் வைத்தாள். "உன் புத்தகத்தையும் என் கடையிலயே வச்சிடேன். இன்னிக்கே ஏத்திடலாம்."

ஒரு வார்த்தை, சரி என்றால் போதும். ஏப்ரல் கவலை அன்றே தீர்ந்திருக்கும். ஆனால் யுசுவின் கடையில், யுசுவின் பூனைப் படத்துக்குக் கீழே, யுசு பார்த்து ஒதுக்குகிற மூலையில் தன் புத்தகம் குந்தியிருப்பதை சுமியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு வேணும்டி. உன் தயவுல எதுக்கு."

"தயவா? என்னடி பேசற." யுசு ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு வழக்கம்போலச் சிரித்துவிட்டாள். "சரி விடு. உனக்கு நானே சிபாரிசு பண்றேன். ராசாத்தி மாதிரி தனிக்கடை போடு."

சுமி நன்றி சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் தாடை வலித்தது.

ஏஜென்சிக்குக் காட்டுவதற்கென்றே அவள் ஒரு சின்னக் கதை வரைந்தாள். பொட்டலத் தொழிற்சாலையில் தப்பி ஓடுகிற ஓர் ஊறுகாயின் கதை. பச்சைப் பிள்ளைகூடப் படிக்கலாம். நன்றாகவே வந்தது; அதுவும் கடுப்பாக இருந்தது. யுசு எதைக் கிறுக்கினாலும் காசாகிறது, நான் மட்டும் ஊறுகாய்க்குக் கால் வரைந்து எவனிடமோ நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க வேண்டியிருக்கிறது என்று புழுங்கிக்கொண்டே வரைந்தாள்.

இவர்கள் புத்தகத்தின் அட்டையில் வலது கீழ்மூலையில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று. அது இல்லாவிட்டால் சந்தையில் மேஜை போட விடமாட்டார்கள். கதவு திறப்பதற்கு முன்னால் ஆட்கள் வந்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டி, மறைக்க வேண்டியதைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருக்கிறதா, அட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யுசு இரண்டு தடவை மாட்டிக்கொண்டு, மேஜைக்கடியில் உட்கார்ந்து பேனாவால் பட்டை அடித்திருக்கிறாள். சுமி ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அட்டை வரைய உட்கார்ந்தாலே முத்திரையைத்தான் முதலில் வைப்பாள். அவளுடைய எல்லா அட்டைகளும் ஒரே அச்சிலிருந்து எடுத்தவை.

ஊறுகாயின் அட்டையையும் அதே அச்சில்தான் வரைந்தாள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்தாள். சிவப்பு ஊறுகாய் கைகாலை வீசிக்கொண்டு ஓடுகிறது. வலது கீழ்மூலையில் பதினெட்டு.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அழிக்கத்தான் கையை நகர்த்தினாள். அப்போது போன் ஒலித்தது. யுசு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜன்னல் ஓரமாக ஒரு புது மேஜை, மரத்தில், அகலமாக. 'உக்காந்து பாரு, முதுகு வலியே இல்ல. உன் கடை ஆரம்பிச்சதும் உனக்கும் இதே மாதிரி வாங்கிடலாம்.'

சுமி வரைவது தரையில், ஒரு குட்டை மேஜையில், கூன் போட்டுக்கொண்டு. அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். எதற்கு இவள் என் முதுகைப் பற்றிப் பேசுகிறாள்? யார் கேட்டார்கள்? விண்ணப்பத்தின் அடியில், புதுக் கடையில் சந்தேகம் வந்தால் சிபாரிசு செய்தவரின் கடையையும் பரிசோதிப்போம் என்று போட்டிருந்தது. அதை அவள் காலையிலேயே படித்திருந்தாள். இப்போது இன்னொரு தடவை படித்தாள். முத்திரையை அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஏஜென்சியிலிருந்து மிகப் பணிவாக ஒரு மறுப்பு வந்தது. தங்கள் கலை மேலும் வளரட்டும் என்று வாழ்த்துகூட இருந்தது. அன்று சாயங்காலமே யுசு கூப்பிட்டாள்.

"சுமி, என் கடையை மூடிட்டாங்கடி." குரல் கம்மியிருந்தது. "பூட்டுப் பக்கம் வரைக்கும் தோண்டிப் பாத்திருக்காங்க. இந்த மாசப் பணத்தையும் நிறுத்தி வச்சிட்டாங்க."

சுமி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"உன் அட்டையில முத்திரை இருந்துச்சாமே?"

"பழக்கதோஷம்டி. கை தன்னால போட்டுடுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் சிரிப்பு. "ஊறுகாய்க்குப் பதினெட்டா. அடிப்பாவி. பதினோரு வருஷமாப் போட்ட கை, என்ன பண்ணும் பாவம். என் கையா இருந்தாலும் போட்டிருக்கும்." இன்னும் சிரித்தாள். "நீ அழாதே. நீ ஒண்ணும் வேணும்னு பண்ணலையே."

சுமி அழவில்லை. இவள் கத்தித் தொலைத்தால்தான் என்ன என்று இருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், இரண்டு பேரும் சமம் என்றாகிவிடும். கடை போய், வேலையும் இல்லாமல், அடுத்தவளைத் தேற்றுகிற மனசு எங்கிருந்து வருகிறது ஒருத்திக்கு? அந்த மனசையும் ஆண்டவன் அவளுக்கே வைத்தானே என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

மார்ச் மாதச் சந்தை வந்தது. வழக்கம்போலப் பக்கத்துப் பக்கத்து மேஜை. யுசு ஊறுகாய்க் கதையை எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து சுமியைச் சீண்டினார்கள்.

"ஊறுகாய் எப்படி இருக்கு? துணி போட்டுவிட்டியா இல்லையா?"

"எங்கம்மா சமையல்கட்டுல இருக்கறதெல்லாம் இனிமே பூட்டித்தான் வைக்கணும் போல."

சுமி பல்லைக் காட்டினாள். வந்தவர்கள் எல்லாம் அவளைச் சீண்டிவிட்டு யுசுவிடம்தான் போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். இனிப்புப் பெட்டி, கைக்குட்டை, ஒருத்தி ஒரு மூட்டை அரிசிகூடக் கொண்டுவந்திருந்தாள். கடை மூடிய செய்தி பரவி வாசகிகள் ரயில் பிடித்து வந்திருந்தார்கள். ஐந்நூறு யென் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யுசுவின் மேஜைக்கு முன்னால் வரிசை சுவர்வரை போய்த் திரும்பியது. சுமியின் மேஜைக்கு வந்தவர்களில் பாதிப்பேர், இதுதான் அந்த வரிசையின் கடைசியா என்று கேட்க வந்தவர்கள். இவள் கெட்டுப்போனாலும் கூட்டம் இவளுக்குத்தான். நான் கெடுத்தும் இவளுக்குத்தான்.

பிற்பகலில் வரிசை தீர்ந்தது. யுசுவின் புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, சுமியின் மேஜையில் புத்தக அடுக்கு குலையாமல் இருந்ததைப் பார்த்தாள். எழுந்து வந்து அதில் பாதியைத் தூக்கித் தன் காலி மேஜையில் வைத்தாள்.

"இனிமே இங்க வர்றவங்ககிட்ட இதை நான் வித்துத் தரேன். நீ போய் ஏதாவது தின்னுட்டு வா. மூஞ்சி வெளிறிக் கெடக்கு."

"திரும்ப வச்சிடுடி."

"சும்மா இரு."

"வச்சிடுன்னு சொல்றேன்ல." சுமியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்த முத்திரையை நான் பாத்தேன். அனுப்பறதுக்கு முன்னாடியே பாத்தேன். உன் கடையையும் தோண்டுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

யுசு சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். பிறகு சுமியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை, மெதுவாகத்தான் போனது.

"எதுக்கு?"

"நீ சந்தோஷமா இருந்த. எனக்குப் பொறுக்கல. வேற ஒண்ணும் இல்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் சொல்கிறோம் என்று சொல்லத் தொடங்கியபோது சுமி நம்பியிருந்தாள். பாதியிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. அந்த முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. துடைத்தாகிவிட்டது. யுசுவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பல் டாக்டரின் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதும், புது மேஜையைத் திருப்பிக் கொடுத்ததும் சுமிக்கு மற்றவர்கள் சொல்லித் தெரியும். பதினோரு வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. பொறாமைப்பட இப்போது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

"யுசு," என்றாள்.

அப்போது ஒலிபெருக்கியில் சந்தை முடிந்தது என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கு எல்லாரும் எழுந்து கைதட்டுவது வழக்கம். விற்றவளும் தட்டுவாள், விற்காதவளும் தட்டுவாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல் எழும்பியது. யுசுவும் எழுந்து நின்று, முன்னால் பார்த்தபடி தட்டினாள். கன்னத்தைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. சுமி உட்கார்ந்தே இருந்தாள், அவள் திரும்புவாள் என்று.

கைதட்டல் ஓய்ந்தது. யுசு தன் மேஜையில் வைத்த சுமியின் புத்தகங்களை விளிம்பு சேர்த்துத் தட்டி அடுக்கி, இரண்டு கையாலும் எடுத்து, முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதைப் போலத் தலை குனிந்து நீட்டினாள்.

"உங்க புத்தகம் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க," என்றாள்.