நாத்தனார் தலையில் ஒரு வண்டி

காரில் வரும் எந்தச் சத்தத்தையும் என் கணவர் சத்தம் என்று ஒப்புக்கொண்டதில்லை. முன்சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால், "ரோடு சரியில்ல" என்பார். பெல்ட் கிறீச்சிட்டால், "காலைல அப்படித்தான் இருக்கும்" என்பார். கியர் மாற்றும்போது வண்டி வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகினால், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அவர் செய்த பழுதுபார்ப்புகளிலேயே செலவு வைக்காதது அது ஒன்றுதான்.

சின்ன வண்டி. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அவர் அதைக் "குட்டி" என்று செல்லமாகக் கூப்பிடுவார். நான் உண்டியல் என்பேன். ஆனால் உண்டியலை உடைத்தால் போட்ட காசாவது திரும்பக் கிடைக்கும். இந்த உண்டியலில் ரேடியேட்டரைப் போட்டோம், கிளட்சைப் போட்டோம், மாறி மாறி பேட்டரியைப் போட்டோம். வருஷாவருஷம் தவறாமல் இன்ஷூரன்ஸையும் போட்டோம். என் கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்க்க எடுத்து வைத்திருந்ததும் ஏசி கம்ப்ரஸராக மாறி அதற்குள் போனது. அப்படியும் ஏசியில் பேருக்குத்தான் காற்று வரும். நான் இன்னும் ஒரு பக்கமாகத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிற மெக்கானிக்கும் அவருக்கு ஆகாது. "பின்னாடி பிரேக் சிலிண்டர் ஒழுகுது சார், முன்னாடி பேடு தேஞ்சு போச்சு, மொத்தமா மாத்திடணும்" என்று பழைய மெக்கானிக் சொன்னார். அன்றோடு இவர் அவரைத் தலைமுழுகிவிட்டார். "நம்ம தலையில மிளகாய் அரைக்கப் பாக்குறான்" என்பது அவர் தீர்ப்பு. புது மெக்கானிக் கொஞ்சம் பிரேக் ஆயிலை ஊற்றி, "இப்போதைக்கு ஓடும் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் அவரைக் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வண்டி ஓட வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை உண்டு. பின்பக்கத்து ஜன்னல் கண்ணாடி தானாகச் சறுக்கி இறங்கும். அதை உள்ளங்கையால் தாங்கிப் பிடிப்பது இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் பொறுப்பு. வேகத்தடை வந்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் சீட்டிலிருந்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் சைலன்சர் தரையில் இடிக்கும். மேட்டில் ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜின் சூடு தணிய, கொளுத்தும் வெயிலானாலும் ஹீட்டரைப் போடுவது முன்சீட்டில் இருப்பவர் வேலை. தினமும் செய்து செய்து, செய்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனாருக்கு ஊரின் மறுகோடியில் உள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. போய்வர ஒரு பழைய கார் தேடினாள். என் கணவர் முகத்தில் அன்று வழிந்த பாசத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"வெளிய எதுக்கும்மா தேடற? நம்ம குட்டியையே எடுத்துக்க. நம்ம வீட்டு வண்டி, ஏமாத்த ஆள் கிடையாது," என்றார்.

ஏமாற்றுகிற ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் எதிரிலேயே நின்றிருந்தார்.

அவள் போன பிறகு, "பிரேக்கையாவது மாத்திட்டுக் குடுங்க," என்றேன்.

"விக்கப்போற வண்டிக்கு எவனாவது செலவு பண்ணுவானா?"

மறுநாளே புது சீட் கவர் வாங்கினார். பாலிஷ் போட்டார். வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டார். நாத்தனாரிடம் நானே சொல்லிவிடலாமா என்று நாலு தரம் போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் அவள் வாங்கமாட்டாள், உண்டியல் எங்கள் வாசலிலேயே நிற்கும். சொல்லாவிட்டாலோ, அவளுக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது. ஒவ்வொரு தரமும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வந்தாள். அவள் ஓட்ட, பக்கத்தில் அவர், பின்னால் நானும் மகளும். குடும்பத்தோடு உட்கார்ந்து காட்டினால் வண்டிமேல் நம்பிக்கை வரும் என்பது அவர் கணக்கு.

முதல் வேகத்தடையிலேயே நானும் மகளும் சொல்லி வைத்தாற்போல் எழும்பினோம். நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ரெண்டு பேரும் எழுந்துக்கறீங்க?"

"இடுப்புப் பிடிப்பு," என்றேன்.

"பாப்பாவுக்குமா?"

"அவளுக்கு அவங்கம்மா உடம்பு வாகு," என்றார் இவர்.

மேடு வந்தது. அவர் கை தானாகப் போய் ஏசியை அணைத்து ஹீட்டரைத் திருகியது. நாலு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"ஏன் அண்ணா, ஏசி வேலை செய்யலையா?"

"ஜில்லுன்னு இருக்கக் கூடாதும்மா, உனக்குச் சளி பிடிச்சுக்கும்."

மேடு முடிந்து இறக்கம். அடியில் சிவப்பு விளக்கு, அதன் முன் ஒரு லாரி. நாத்தனார் பிரேக்கை மிதித்தாள். மிதி தரைவரை போனது. வண்டி தன் இஷ்டத்துக்கு உருண்டது. என் வலதுகால் தரையை அழுத்தியது. பக்கத்தில் மகள் இரண்டு காலையும் முன்சீட்டில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்தார். லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. நாத்தனாரைத் தவிர யாரும் பதறவில்லை. எங்களுக்கு அது எல்லா நாளும் நிற்பது மாதிரிதான் நின்றது.

பச்சை விழுந்ததும் அவள் ஓரமாக ஊர்ந்து போய் நிறுத்தினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே உன் கை ஹேண்ட்பிரேக்குல இருந்துச்சே அண்ணா."

"ஒரு பழக்கம்தாம்மா. பிரேக் கொஞ்சம் பாக்கணும், அவ்வளவுதான். நீ எடுத்துக்கறேன்னா நாளைக்கே மாத்திக் குடுத்துடறேன்."

"எனக்கு விக்கணும்னா மாத்துவே. இவ தினமும் இதுலதானே ஸ்கூலுக்குப் போறா? இவளுக்காக மாத்தத் தோணலையா?" என்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குமா தெரியாது அண்ணி?"

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். இந்த வண்டியை நான் கிண்டலடித்துப் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள். ஆனால் தினமும் காலையில் மகளுக்குப் பையை மாட்டி, அதே வண்டியில் ஏற்றி, கையசைத்து அனுப்பியவளும் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளைக் கையைப் பிடித்து இறக்கினேன்.

நாத்தனாரும் சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். "வாங்க அண்ணி, பஸ்ல போயிடலாம்."

அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தார். "நடு ரோட்டுல விட்டுட்டா வர முடியும்? நான் மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்."

மகள் என் கையை உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். "வேண்டாம்ப்பா. நீங்களும் இறங்குங்க."

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுடா."

"நாங்க இல்லாம எப்படிப்பா நிக்கும்? கூட அமுக்க யாருமே இல்லையே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் காலும் சேர்ந்து அமுக்குவதால்தான் வண்டி நிற்கிறது என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை தினமும் அந்தக் கவலையோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.