கிச்சாப்பின் சம்பளம்

ரோலண்ட் தன் வீட்டு நாய்க்கு மூன்றாவது வார்னிங் கொடுத்தது துணி துவைக்கும் மெஷினின் குழாய்க்காக. முதல் வார்னிங் அவனுடைய சிலிப்பருக்கு. இரண்டாவது பிளாஸ்டிக் நாற்காலியின் காலுக்கு. மிச்சமிருந்த மூன்று காலோடு அது இன்னும் சுவரில் சாய்ந்து கிடந்தது.

“மூணு வார்னிங் குடுத்தாச்சு. இனிமே டிஸ்மிஸ்தான். எங்க கம்பெனியில மனுஷனுக்கே இவ்வளவுதான்.”

பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் வாளியும் குப்பைத்தொட்டியும் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் அவன் லைன் சூப்பர்வைசர். மாசாயில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டின் போர்ச்சில், மோட்டார்சைக்கிளுக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவே, குற்றவாளி மல்லாந்து கிடந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வயது நிரம்பாத ஆண் நாய். மீ கோரெங் நூடுல்ஸில் ஊற்றும் கறுப்புச் சோயா சாஸான கிச்சாப்பின் நிறம். பெயரும் அதுவே.

“மார்கஸ்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் லாரியோட வரான்” என்றான் ரோலண்ட்.

குழாயின் கடிபட்ட முனையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஐலீன் நிமிர்ந்தாள். மார்கஸ் ரோலண்டின் அத்தை மகன். சிம்பாங் ரெங்கத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவன். அவனுடைய முற்றத்தில் முன்பு ஒரு நாய் இருந்தது. இரும்புத் தூணில் சங்கிலி. சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்து பளபளவென்று கிடக்கும். வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரப் புல். வட்டத்துக்குள் ஒரு பூண்டு கிடையாது. அவர்கள் போன அன்று அந்த நாய் குரைக்கவில்லை, எழுந்திருக்கவுமில்லை. அடுத்த முறை போனபோது சங்கிலி மட்டும் தூணில் தொங்கியது. “நாய் எங்கண்ணே?” என்று கேட்டதற்கு, “செத்துப்போச்சு, சாப்புடு லா” என்று அவள் தட்டில் கோழி வைத்தான் மார்கஸ். அந்தக் கோழி அவளுக்கு இறங்கவில்லை.

கிச்சாப்பை அவள்தான் தன் தொழிற்சாலை கேன்டீனுக்குப் பின்னாலிருந்த சாக்கடையிலிருந்து எடுத்து, மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்த வட்டத்துக்குள் தள்ளுவதற்காக அல்ல.

“விசாரணை எங்க?” என்றாள்.

“என்னது?”

“விசாரணை வைக்காம ஆளத் தூக்கினா கேஸு நிக்காது. சூப்பர்வைசருக்கு இதுகூடத் தெரியாதா?”

ஐலீன் வயர் கம்பெனியில் பேக்கிங் பகுதி. யூனியன் கமிட்டியில் பல வருஷமாக இருக்கிறாள். வேலை போகப்போகிறவர்களின் பக்கத்து நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். அந்த விசாரணை அறைகளில் எல்லோரும் ‘என்ன செய்தான்’ என்றே கேட்பார்கள். ‘எப்போது செய்தான்’ என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும் என்பது அவள் அனுபவம்.

“அலமாக்! நாய்க்கு யூனியனா?”

“ஆமா. நாந்தான் பிரதிநிதி.”

“சரி. ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம். உங்க ஆளு என்ன சொல்றாருன்னு பாப்போம்.” சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

எப்போது செய்தது? அதைத்தான் அவள் யோசித்தாள். போன வாரம் ரோலண்டுக்குக் காலை ஷிப்டு. இருவரும் இருட்டோடு போய் இருட்டி வந்தார்கள். நாய் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தது. ஒரு பொருளுக்கும் சேதமில்லை. இந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்டு. பகலில் போர்ச்சை ஒட்டிய அறையில் தூங்குகிறான். குழாய் போனது. சிலிப்பரும் நாற்காலியும் போனதுகூட அவன் பகலில் வீட்டிலிருந்த வாரங்களில்தான். தனியாக விட்டால் ஒழுங்காக இருக்கிறது; ஆள் இருந்தால் நாசம் செய்கிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது?

முதலில் வாசனை என்று நினைத்தாள். உருகிய பிளாஸ்டிக்கின் நெடி ரோலண்டின் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாது. அந்த நெடி நாய்க்கு வெறியேற்றுகிறதோ? அவன் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்துப் போர்ச்சுக் கொடியில் போட்டுவிட்டு உள்ளிருந்து கவனித்தாள். கிச்சாப் மோந்து பார்த்தது. பல்லால் இழுத்துக் கீழே போட்டது. காலால் சுருட்டி, அதன் மேல் படுத்துக் குறட்டை விட்டது.

வாசனை இல்லை. அப்புறம் என்ன?

புதன்கிழமை லீவு போட்டாள். ரோலண்டிடம் சொல்லவில்லை. வழக்கம்போல யூனிபாரத்தோடு தன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, அதைக் கோப்பிக் கடையில் நிறுத்திவிட்டுப் பின்சந்து வழியாக நடந்து, எதிர்வீட்டுப் பிரேமலாவின் அடுப்படிக்குள் நுழைந்தாள். பிரேமலா நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள். மாடி வீடு. மேலே நின்றால் ஐலீனின் போர்ச்சு மொத்தமும் தெரியும்.

“என்னடி, புருஷன வேவு பாக்க வந்தியா?”

“நாயப் பாக்கக்கா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க” என்று பிரேமலா நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டாள். “பகல்ல அங்க ஒரே கூத்து. சத்தம் கேக்கும். எட்டிப் பாக்க எனக்கு ஏது நேரம்? மேல போ.”

ரோலண்ட் வேலை முடிந்து வந்து தன் மோட்டார்சைக்கிளைப் போர்ச்சில் நிறுத்தினான். கேட்டைப் பூட்டினான். காலில் வந்து விழுந்த நாயை “போடா” என்று முட்டியால் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாய் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. ரொட்டிக்காரனின் ஹார்ன் வந்தது; காது மட்டும் திரும்பியது. தபால்காரனின் மோட்டார்சைக்கிள் போனது. எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. பிறகு சன்னலுக்கு அடியில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டது. ரோலண்டின் குறட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஐலீன் திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

கிச்சாப் ஷூ அலமாரிக்குப் போய் ஒரு சிலிப்பரை எடுத்துவந்து சன்னலுக்கு நேர் கீழே வைத்தது. கடிக்கவில்லை. வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தது. அடுத்து வாளியின் கைப்பிடியைக் கவ்வித் தரையில் தட்டித் தட்டி இழுத்துவந்தது. மறுபடி சன்னலைப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கால்மிதியை எடுத்து உதறியது. ஒரு கிழி. ஒரு பார்வை. இன்னொரு கிழி. இன்னொரு பார்வை. ஆத்திரத்தில் செய்கிறவன் இப்படிச் செய்யமாட்டான். இது கடை வாசலில் நின்று, ஆள் வரும்வரை மேசையைத் தட்டுகிற வேலை.

“டேய்!” உள்ளிருந்து ஒரு கத்தல்.

நாயின் பின்பக்கம் முழுவதும் ஆடியது.

கதவு திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு ரோலண்ட் பாய்ந்து வந்தான். நாய் முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, ‘வா’ என்றது. அவன் இடப்பக்கம் வந்தான். அது வலப்பக்கம் ஓடியது. மோட்டார்சைக்கிளைச் சுற்றி ஒரு ரவுண்டு. அலமாரியைச் சுற்றி இன்னொன்று. துடைப்பம் தரையில் விழுந்தது, சுவரில் விழுந்தது, மோட்டார்சைக்கிள் சீட்டில் விழுந்தது. நாயின் மேல் மட்டும் விழவில்லை. கடைசியில் ரோலண்ட் மூச்சு வாங்கி ஹேண்டிலில் சாய்ந்தான். நாய் கால்மிதியோடு வந்து அவன் எதிரில் நின்றது. அவன் என்னவோ சொன்னான். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தான்.

எப்போது கடைசியாக இந்த மனுஷன் இப்படிச் சிரித்துப் பார்த்தோம் என்று ஐலீனுக்கு நினைவு வரவில்லை.

அவன் உள்ளே போனதும் நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனது. வேலை முடிந்து கூலியும் வாங்கிவிட்டவனின் தூக்கம்.

மாலையில் போர்ச்சிலேயே விசாரணை வைத்தாள்.

“உங்க லைன்ல ஒருத்தன் வாளிய உடைக்கிறான். உடைக்கிறப்பல்லாம் நீங்க ஓடிப் போய் அவனுக்கு ஓவர்டைம் காசு குடுக்கிறீங்க. நிறுத்துவானா?”

“எவன் குடுத்தான்?”

“நீங்கதான். கைலியோட.”

ரோலண்ட் கோப்பியைக் கீழே வைத்தான். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தான். அங்கே பிரேமலா கையை ஆட்டினாள்.

“நான் அடிக்கத்தான் போனேன்” என்றான்.

“எத்தன அடி பட்டுச்சு?”

ரோலண்ட் கோப்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“வீட்ல யாருமில்லன்னா அதுக்குத் தெரியுது, வேலை கிடையாது, தூங்கலாம்னு. நீங்க உள்ள இருக்கீங்க, ஆனா கதவு சாத்தியிருக்கு. சின்னப் பையன் உடம்பு. சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்? எதக் கடிச்சா கதவு தொறக்கும்னு கண்டுபிடிச்சிருக்கு. புத்தி இருக்கு லா உங்க ஆளுக்கு.”

“இப்ப என் ஆளா?”

“சம்பளம் நீங்கதான குடுக்கிறீங்க.”

தீர்ப்பு இப்படி ஆனது: வேலை முடிந்து வந்ததும் அவன் நாயைத் திடலுக்கு ஓட்டிப்போய்க் கால் ஓயவைக்க வேண்டும். ஐலீன் கம்பெனியில் கழித்துப்போடும் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து, நடுவில் பிரேமலாவின் நெத்திலித் தலைகளைப் பழைய சோற்றோடு வைத்து மூடுவாள். கிழிக்கிற பல்லுக்குக் கிழிக்கிற வேலை. வயர், குழாய் எல்லாம் உள்ளே போய்விடும். மற்றதில் எதைக் கடித்தாலும் அவன் எழுந்து வரக்கூடாது. சன்னல் பக்கம் தலையைக்கூடக் காட்டக்கூடாது.

“ஞாயித்துக்கிழமக்குள்ள திருந்தலன்னா லாரி” என்றான் ரோலண்ட்.

வியாழக்கிழமை பேக்கிங் மேசையில் நிற்கும்போது அவள் போன் அதிர்ந்தது; ரோலண்ட் எழுதியிருந்தான். நாய் பெட்டியைச் சீக்கிரமே முடித்துவிட்டது. இப்போது வாளி.

‘எந்திரிக்காதீங்க’ என்று எழுதினாள்.

‘சிலிப்பர்.’

‘எந்திரிக்காதீங்க.’

‘என் ரெயின்கோட்டு! முந்தியவிட மோசமா பண்ணுது.’

கையிலிருந்த டேப்பை மேசையில் வைத்துவிட்டு அதை மறுபடி படித்தாள். தினமும் வரும் சம்பளம் ஒரு நாள் வரவில்லையென்றால் ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள்? சத்தம் போடுவார்கள். கேட்டுக்கு வெளியே நின்று தட்டுவார்கள். அவளே தட்டியிருக்கிறாள். ஆனால் நாய்க்கும் அதே கணக்குத்தான் என்று எவன் உத்தரவாதம் கொடுத்தான்? தப்பாக நினைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை லாரிதான். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று எழுதினாள்: ‘தலகாணிய காதுல வச்சிக்குங்க.’

அதற்கு அவன் அனுப்பிய பதிலைப் பூசைக்குப் போகிறவர்கள் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய பெட்டியாக வைத்தாள். திடலில் ரோலண்டும் நாயும் கூடுதலாக ஒரு சுற்று ஓடினார்கள். வாளி ஒரே ஒரு தடவை தட்டப்பட்டது. சனிக்கிழமை ரோலண்ட் எழுந்தபோது போர்ச்சு முழுக்க அட்டைத்தூள். நடுவில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. சிலிப்பர்கள் ஜோடி ஜோடியாக அலமாரியில் இருந்தன. அவன் “குப்பைய யார் கூட்டுறது?” என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மார்கஸ் சொன்னபடி வந்தான். தோளில் சங்கிலி. வாசலில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, “எங்க நம்ம திருடன்?” என்றான்.

ஐலீன் கோப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். திருடன் எழுந்தது. மார்கஸின் சிலிப்பரைக் கவ்வியது. போர்ச்சின் மறுகோடிக்குப் போய், முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கியது. பார்த்தது மார்கஸை அல்ல, ரோலண்டை.

“டேய், என் சிலிப்பரு!” மார்கஸ் எழுந்தான்.

ரோலண்ட் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். “உக்காருடா. ஓடினேன்னா சம்பளம் குடுத்த மாதிரி.”

“என்னடா ஒளர்ற?”

“கோப்பியக் குடி. அந்தப் பக்கம் பாக்காத.”

இரண்டு பெரிய ஆம்பளைகள் கேட்டுக்கு அப்பால் தெருவை முறைத்துக்கொண்டு கோப்பி குடித்தார்கள். ரோலண்டின் கால் மட்டும் தரையில் ஆடிக்கொண்டிருந்ததை ஐலீன் பார்த்தாள். ஓடுவதற்கு அந்தக் காலுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியும். நாய் காத்திருந்தது. வாலை ஒரு தடவை ஆட்டியது. ஒரு கடி கடித்தது. ஒரு பார்வை பார்த்தது. பிறகு சிலிப்பரை அப்படியே போட்டுவிட்டு, அட்டைப்பெட்டியிடம் போய் அதன் மூடியைக் கிழிக்கத் தொடங்கியது.

மார்கஸ் ஈரச் சிலிப்பரை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தான். “இது எதுக்கும் ஆகாத நாய் லா. திருடன் வந்தா பெட்டியக் கிழிச்சிட்டு உக்காந்திருக்கும்.”

“ஆகாதுதான்” என்றான் ரோலண்ட். சங்கிலியை எடுத்துப்போய் லாரியின் பின்னால் அவனே போட்டான். அது இரும்புக் குவியலில் சடசடவென்று விழுந்தது.

லாரி போனதும் அவன் வாசலில் நின்று கைலியை மடித்துக் கட்டினான். திடலுக்குப் போகும் நேரம் அல்ல அது.

“எங்க?” என்றாள் ஐலீன்.

“இன்னைக்கி நம்ம சாமான் ஒண்ணும் கடிக்கல இல்ல” என்று அவன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். “போனஸு.”