பனி வண்டி திரும்பும் இடம்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் என் கைக்கு வந்தது. அமெரிக்காவில், மிசூரி ஆற்றுக்கு மேற்கே, டோலன் கவுண்டி என்ற குட்டி மாவட்டத்தின் அலுவலகத்தில் நான் எழுத்தர். கதையெழுதுவது மதிய இடைவேளையில்.

‘வெண்பனி போர்த்திய அந்தக் காலையில்...’

(வேண்டாம். இங்கே யாரும் பனியைப் பாடுவதில்லை, வாருகிறோம்.)

கால்நடை மருத்துவர் ஆர்டித்தின் வாசலிலிருந்து நானூறு அடியில் எங்கள் கவுண்டி முடிகிறது. பக்கத்துக் கெல்சி கவுண்டியின் பனி அள்ளும் வண்டி தினமும் அதுவரை வந்து திரும்பிவிடும். எங்கள் வண்டி வர மூன்று நாளாகும். ஜனவரியில் அவள் வீட்டில் அடைபட்டுக் கிடக்க, அடுத்த பண்ணையில் ஒரு பசு ஈன முடியாமல் கன்றோடு செத்தது. எல்லையை மாற்றச் சொல்லி மனுப் போட்டாள்.

சட்டப்படி, மாறும் நிலத்து வாக்காளர்களில் பாதிக்கு மேல் கையெழுத்திட வேண்டும். பிறகு இரண்டு கவுண்டி மன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நிலத்தில் வாக்காளர்கள் இரண்டே பேர்: ஆர்டித்; சாலைக்கு எதிர்ப்புறம் அவள் விவாகரத்து செய்த ஓரின்.

2

ஓரினை முதலில் வில்லனாக எழுதினேன். ஒட்டவில்லை. டோலன் கவுண்டிக் கண்காட்சியில் பதினோரு வருடமாகப் பெரிய பூசணிக்காய்க்கான முதல் பரிசு வாங்குகிறவனை எப்படி வில்லனாக்குவது?

“கெல்சியில ஒருத்தன் கார் சைசுக்குக் காய் வளக்குறான். அங்க போனா எனக்கு ஆறுதல் பரிசுதான். கையெழுத்து போட மாட்டேன்.”

“உன் பூசணி பெருசா, மாட்டு உசுரு பெருசா?” என்றாள் ஆர்டித்.

“எடை போட்டுப் பாத்துருவோமா?”

ஆர்டித் நேராக நில அளவையரிடம் போனாள். அவர் சொன்ன வழி எளிது: எல்லைக்கோட்டை, சாலையின் நடுவே இழுத்தால் அவள் வீடு மட்டும் மாறும். ஒரே வாக்காளர், ஒரே கையெழுத்து.

மன்றத்தில் மனு விசாரணைக்கு வந்த அன்று ஓரின் எழுந்தான்.

“வீட்டப் பிரிச்சீங்க. நாயப்* பிரிச்சீங்க. இப்போ கவுண்டியுமா? என்னையும் சேத்து எழுதுங்க!”

“யோவ், பூசணி?” என்றாள் ஆர்டித்.

“அது என் பாடு.”

(*நாய் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறது.)

3

இருவரும் மறுபடி சேர்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஆர்டித் படித்துவிட்டு, “ஒரு தடவ பட்டது போதாதா?” என்று சிரித்துக்கொண்டே கிழித்தாள்.

நடந்தது இதுதான்: இரு மன்றங்களும் ஒப்புக்கொண்டன. மார்ச்சில் கெல்சியின் வண்டி இரண்டு வாசல்களையும் தாண்டிப் போனது.

கோப்பை மூடும்போதுதான் கவனித்தேன். ஓரின் பிறகு சேர்த்துக் கொடுத்த மனுவில் ‘மாற விரும்பும் காரணம்’ என்ற கட்டம் காலி. விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. மூன்று காரணங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் நிரப்புங்கள். ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது.