கதவிடுக்கில் சொன்ன பெயர்

பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்களான எங்கள் ஆமிஷ் சபைக்குப் புதிய போதகர் வேண்டியிருந்தது. ஆண்களும் பெண்களும் வரிசையாகப் போய், கதவிடுக்கில் நின்ற பிஷப்பிடம் ஆளுக்கொரு ஆணின் பெயரை முணுமுணுத்தோம். மூன்று பேராவது சொன்ன பெயர் சீட்டுக்குப் போகும். சீட்டு விழுந்தவனுக்குச் சாகும்வரை சம்பளமில்லாத ஊழியம். மாடும் வயலும் பெண்டாட்டி தலையில்.

முந்தின வாரம்தான் அக்கா மலிண்டா, "என் வீட்டுக்காரர் பிரசங்கம் பண்ணா மாடே தூங்கிடும்டி. உன் ஆளுதான் மாட்டுவாரு பாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஏழாம் மாதம், தொழுவத்தில் இருபத்தெட்டு மாடு. இன்னொரு பெயர் சேர்ந்தால் என் புருஷன் ஏனோஸ் தப்பிக்க வழி கூடும் என்று, அக்கா புருஷன் ரூபனின் பெயரைச் சொன்னேன்.

மேசையில் நான்கு பாட்டுப் புத்தகங்கள், ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. நான்கு ஆண்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஏனோஸின் புத்தகத்தில் எதுவும் இல்லை. ரூபனின் புத்தகத்தில் சீட்டு இருந்தது.

அக்கா ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை என் மாடுகளைக் கறந்துவிட்டு அவள் தொழுவத்துக்குப் போனேன்.

"வயித்தைத் தள்ளிக்கிட்டு ஏன்டி வந்த? போய்ப் படு."

"பேசாம வாளியைக் குடுக்கா."

பக்கத்து மாட்டடியில் உட்கார்ந்தாள். "ரூபன் பேரைச் சொன்ன புண்ணியவதி யாருடி?"

"ஆம்பளைங்களா இருக்கும்க்கா."

"இல்லடி. பொம்பளைதான். அவளுக்குத்தான் பயம் இருந்திருக்கும்."

நான் வேகவேகமாகக் கறந்தேன். காம்பு வலித்த மாடு வாளியை உதைத்துத் தள்ளியது.