நீலமாக விழுந்தால் ஏசி

வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஏசி மாடியைவிட்டு இறங்கியாக வேண்டும். கீழே அவருடைய படுக்கையறைக் கூரையில் தட்டு அகலத்துக்கு ஈரம் படர்ந்து, சொட்டவும் தொடங்கியிருந்தது. அதற்கு நேர் மேலேதான் சக்கரம் வைத்த அந்த ஏசி நின்றது. எட்டு மாத வயிற்றோடு அண்ணி கொஞ்சமாவது கண்ணயர்வது அதன் குளிரில்தான்.

"குளியலறைக் குழாயும் அந்தப் பக்கமாத்தானே போகுது? அது ஒழுகுறதுக்கு நம்ம தலைய உருட்டுறாங்க," என்றாள் அண்ணி.

அவளுடைய நாத்தனாருக்கு அப்படிச் சட்டென்று ஒரு பக்கம் சாய வராது. பூட்டிய கதவைத் தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். வீட்டில் அவளுக்கு 'டவுட்டு' என்றே பெயர். வாராவாரம் ஏசியின் வலையைக் கழற்றித் தூசியைக் கழுவுவதும், அடிமூடியைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பதும் அவள் பொறுப்பு.

யோசித்து யோசித்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்தாள். ஏசியை நிறுத்தி, வலையைக் கழற்றி, உள்ளே தெரிந்த தகடுகளின்மேல் ஒரு டம்ளர் நீலத் தண்ணீரை நிதானமாக விட்டு, வலையை மாட்டி மறுபடி ஓடவிட்டாள். கீழே போய்ச் சொட்டும் இடத்தில் வெள்ளைக் கிண்ணம் வைத்தாள்.

"நீலமா விழுந்தா ஏசி. நிறமே இல்லாம விழுந்தா குழாய். சரியா ஆன்ட்டி?"

"இது நல்லா இருக்கே!" என்று வீட்டுக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியம் வரை விழுந்ததெல்லாம் வெறும் தண்ணீர். "சரி, குழாய்க்காரரை வரச் சொல்றேன்," என்று அவரே விட்டுக்கொடுத்தார். ஆனால் டவுட்டு கிண்ணத்தை எடுக்கவில்லை. "கூரைக்குள்ள ஊறி வர நேரமாகலாம். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் ஆன்ட்டி."

மாடிக்கு வந்து அவள் இதைச் சொன்னதும் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஜெயிச்ச கேஸை நீயே மறுபடி கோர்ட்டுக்கு இழுக்கிறியேடி!"

ஐந்து மணிக்குக் கிண்ணத்தில் நீலம் இழையோடியது.

வீட்டுக்காரம்மா கிண்ணத்தோடு மாடியேறி வந்தபோது டவுட்டு ஏசிக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். அடிமூடியில் ஒற்றிய காகிதம் நீலமானது; கசிந்தது அப்படியே ஏசிக்கு அடியிலிருந்த தரை விரிசலில் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டை வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த ரப்பர் அடைப்பானின் விளிம்பு மடங்கிக் கிடந்தது.

"போன வாரம் நான்தான் ஆன்ட்டி மூடினேன். மடங்கினதைப் பார்க்காம திருகிட்டேன்."

வீட்டுக்காரம்மாவின் கண் தட்டின்மேல் இருந்தது. தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. "இவ்ளோ தண்ணிய யாரு ஊத்துறா?"

"நான் ஊத்தினது ஒரு டம்ளர்தான். மிச்சமெல்லாம் இந்த ரூம் காத்துல இருந்தது. குளிர்ந்த தகட்டுல பட்டு வடியுது."

"காத்துலயா? யார்கிட்ட கதை விடுற?"

"பாதி என்னோட பெருமூச்சு ஆன்ட்டி," என்றாள் கட்டிலில் இருந்த அண்ணி. வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை பார்க்கிறேன். சொட்டு நின்னிருந்தா இது இங்கேயே இருக்கட்டும்."

அடைப்பானைக் கழுவி, விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்து மூடினாள் டவுட்டு. மறுநாளிலிருந்து சொட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா வந்து, தூங்கிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கிண்ணம் காஞ்சு கிடக்கு. இருந்துட்டுப் போகட்டும். அது சரி, மழை நாள்ல எவ்ளோ தண்ணி வரும்?"

"தெரியலையே ஆன்ட்டி. அளந்து பார்த்ததில்ல."

"அப்போ அளக்கும்போது என்னையும் கூப்பிடு."